முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

தையல்காரி (தக்கலை)
திங்கள், இரவு 9.50

எனக்கு வயது 46. தக்கலையில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன், ரவிக்கைதான் முக்கிய வேலை. வலது மார்பில், அக்குளை ஒட்டிய மேல்பக்கத்தில் ஒரு கட்டி. ஸ்கேனில் 2.4 செ.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். மேமோகிராம், தடித்த ஊசி போட்டு எடுத்த பயாப்சி எல்லாம் முடிந்துவிட்டன. புற்றுநோய்தான். ஹார்மோன் ஏற்பி உண்டு (ஹார்மோனால் வளரும் வகையாம்), ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லை என்று வந்திருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டு எதுவும் கைக்கும் தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் தெரியவில்லை.

சர்ஜன் பொறுமையானவர். சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பது ஒரு வழி. மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவது இன்னொரு வழி. "உங்களுக்கு இரண்டும் பொருந்தும், ஆயுள் கணக்கில் வித்தியாசம் இல்லை, யோசித்து வியாழக்கிழமை சொல்லுங்கள்" என்றார். இரண்டும் ஒன்று என்றால் என்னிடம் எதற்குக் கேட்கிறார் என்று வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

மாமியார், "அழுகிய மாம்பழத்தில் அழுகலை மட்டும் சீவினால் போதுமா? பழத்தையே எறி" என்கிறார். மயினியும் அதே கட்சி. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனிலேயே அழுகிறார். அழுகிறவரிடம் என்ன கேட்பது?

எனக்கு வலது கைதான் சோறு. கத்திரி பிடிக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டி தூக்க வேண்டும். எந்த அறுவையில் கைக்குச் சேதம் குறைவு? கட்டியை மட்டும் எடுத்தால் மிச்சம் இருந்துவிடாதா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

மணலிக்கரை அக்கா
திங்கள், இரவு 10.15

எடுத்துவிடு மக்களே. 2014இல் எனக்கு இடது பக்கம் முழுவதும் எடுத்தார்கள். பத்து வருடம் தாண்டிவிட்டேன், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன். கதிர்வீச்சுக்கு அலையவில்லை. ராத்திரி படுக்கும்போது "அது உள்ளே இருக்கிறதோ" என்ற நினைப்பு இல்லை. அந்த நிம்மதிக்கு ஒரு மார்பு போனால் போகட்டும்.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கழுத்துச் சங்கிலி ஒரு பக்கமாகவே சரியும். தோளில் பை நிற்காது. துணிப் பையில் கடுகும் பஞ்சும் அடைத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறக் குனிந்தபோது அது மேலே ஏறிக் கழுத்தருகே வந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன், இன்றைக்குச் சொல்லிச் சிரிக்கிறேன். இடது கை மட்டும் மழைக்காலத்தில் வீங்கும்.

குலசேகரம் ரப்பர்
செவ்வாய், காலை 5.30

அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எதிர்க்கட்சி. என் மனைவிக்குக் கட்டியை மட்டும்தான் எடுத்தோம். நான்கு வருடம் ஆகிறது, நலமாக இருக்கிறாள். ஆனால் எங்கள் கதையில் ஒரு கோணல் உண்டு, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். "சாதாரணக் கட்டி, அரை மணி நேர வேலை" என்று சொல்லி, ஊசி பயாப்சிகூடச் செய்யாமல் அறுத்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. எடுத்த சதையின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று யாரும் அடையாளம் வைக்கவில்லை. நான்கு துண்டாக வேறு வெட்டிப் புட்டியில் போட்டிருந்தார்கள். "விளிம்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று அறிக்கை வந்தது. எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல், திருவனந்தபுரத்தில் மறுபடியும் நாலா பக்கமும் அறுக்க வேண்டியதாயிற்று. ஒரு முறையில் முடிந்திருக்க வேண்டியது.

சகோதரி, உங்களுக்கு முதலிலேயே பயாப்சி செய்திருக்கிறார்கள், இரண்டு வழியையும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நல்ல கையில்தான் இருக்கிறீர்கள். சர்ஜனிடம் இதை மட்டும் கேளுங்கள்: எடுத்த சதைக்கு நூல் போட்டு அனுப்புவீர்களா?

கதிர்வீச்சு அவளுக்கு மூன்று வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு தடவை. மெஷினுக்கு அடியில் இருப்பது சில நிமிடம்தான், காத்திருப்புதான் நாளைத் தின்றுவிடும். அந்த மூன்று வாரமும் நான் மரத்தில் கத்தி வைக்கவில்லை. தோட்டத்துக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மை.

தையல்காரி (தக்கலை)
செவ்வாய், காலை 7.05

நூலா? என்ன நூல்?

சர்ஜரி மாணவி (சென்னை, ஊர் இரணியல்)
செவ்வாய், காலை 8.40

அக்கா, எடுத்த சதையின் ஓரத்திலேயே தையல் நூலால் அடையாளம் வைப்போம். பல இடங்களில் உள்ள வழக்கம் இது: குட்டையாக நறுக்கிய நூல் மேல்பக்கம், நீளமாக விட்ட நூல் வெளிப்பக்கம், அதாவது அக்குள் பக்கம். சதை புட்டிக்குள் போன பிறகு எப்படிப் புரண்டாலும், இந்த இரண்டு நூலையும் பார்த்தால் உடம்பில் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். நோய்க்கூறு மருத்துவர் அதன் வெளிப்புறம் முழுவதும் மை பூசுவார், சில இடங்களில் பக்கத்துக்கு ஒரு நிறம். பிறகு மெல்லிய துண்டுகளாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். மை பட்ட ஓரத்தைப் புற்றுச் செல் தொடாமல் இருந்தால் விளிம்பு சுத்தம். தொட்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். இது தவறு நடந்ததாக அர்த்தமில்லை. நன்றாகச் செய்த அறுவையிலும் சிலருக்கு இந்த இரண்டாம் சுற்று வரத்தான் செய்யும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டும் ஒன்று என்றால் ஏன் உங்களிடம் கேட்கிறார் என்றால், ஒன்றாக இருப்பது ஆயுள் மட்டும்தான். மற்றதெல்லாம் வேறு. கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய கட்டாயம், அதைத் தவறவிட்டால் அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு நிறையக் கூடும். முழுவதும் எடுத்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு வேண்டாம். ஆனால் "பெரும்பாலும்"தான். அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேல் நிணநீர்க் கணுக்களில் (நெறி கட்டுவது இவற்றில்தான்) நோய் இருந்தாலோ, கட்டி 5 செ.மீ.க்கு மேல் என்றாலோ, மார்பகத்தை எடுத்த பிறகும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அலைச்சலுக்குப் பயந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகும் அலைகிறவர்களை வார்டில் பார்க்கிறேன்.

இன்னொன்று. கீமோ வேண்டுமா, ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்பதைக் கட்டியின் குணமும் கணுக்களும் தீர்மானிக்கும். எவ்வளவு அறுத்தார்கள் என்பது தீர்மானிக்காது. முழுவதும் எடுத்தால் கீமோவிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மணலிக்கரை அக்கா
செவ்வாய், காலை 10.20

டாக்டர் பிள்ளை, இரண்டும் ஒன்று என்றால் 2014இல் என்னிடம் ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை? என் அறிக்கையில் இரண்டு கட்டி, ஒன்று மேலே, ஒன்று கீழே உள்பக்கம், 16 கணு எடுத்து எதிலும் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறது.

சர்ஜரி மாணவி (சென்னை, ஊர் இரணியல்)
செவ்வாய், பகல் 1.30

அக்கா, அப்படியானால் உங்களுக்குச் செய்தது சரியான அறுவைதான். மார்பின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனிக் கட்டிகள் இருந்தால் பெரும்பாலும் முழுவதும் எடுப்பதே வழக்கம். நெஞ்சில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர்கள், மேமோகிராமில் மார்பு முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளிகள் சந்தேகமாகப் பரவியிருப்பவர்கள், மார்பே சிவந்து வீங்கும் அழற்சி வகை உள்ளவர்கள், எத்தனை முறை எடுத்தும் விளிம்பு சுத்தமாகாதவர்கள் இவர்களுக்கும் அப்படித்தான். கர்ப்பிணிக்குக் குழந்தை பிறக்கும்வரை கதிர்வீச்சு கொடுக்க முடியாது என்பதால் அங்கே கணக்கு மாறும். கட்டி பெரிதாகவும் மார்பு சிறிதாகவும் இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பதும் உண்டு. தையல்காரி அக்காவுக்கு இவை எதுவும் இல்லை, அதனால்தான் கதவு இரண்டும் திறந்திருக்கிறது.

கை வீங்குவதற்குக் காரணம் மார்பை எடுத்தது அல்ல. 16 கணுக்களை எடுத்ததுதான். இப்போது அக்குளில் நோய் தெரியாதவர்களுக்குக் காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு அது. நீலச் சாயமோ, கதிரியக்க மருந்தோ, இரண்டுமோ ஊசியாகப் போட்டால் அது எந்தக் கணுவில் போய் ஏறுகிறது என்று தெரியும். ஒன்றிரண்டு, சில சமயம் மூன்று. அவை சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடுவதில்லை. அக்குளை முழுவதும் சுத்தம் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். தையல்காரி அக்கா கேட்ட கைக் கேள்விக்கு இதுதான் விடை. மார்பில் எந்த அறுவை என்பதைவிட, அக்குளில் எந்த அறுவை என்று கேளுங்கள்.

மணலிக்கரை அக்கா
செவ்வாய், பகல் 2.10

சரி, விளங்கியது. சரியானதைத்தான் செய்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வீட்டுக்காரரையும் என் அண்ணனையும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

பழைய தாள் (நாகர்கோவில்)
செவ்வாய், மாலை 6.45

மாமியாரின் மாம்பழ உவமையை நான் கேலி செய்ய மாட்டேன். உலகின் பெரிய சர்ஜன்களே எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் அந்த மாம்பழத்தைத்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1882இல் தொடங்கிய அறுவையில் மார்பகம், அதன் அடியிலிருந்த நெஞ்சுத் தசைகள், அக்குள் கணுக்கள் எல்லாம் ஒரே துண்டாகப் போய்விடும். 1894இல் தன் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். நோய் மார்பில் தொடங்கி, படிப்படியாகக் கணுக்களுக்குப் போய், பிறகுதான் உடம்பில் பரவும், ஆகவே எவ்வளவு அகலமாக அறுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் வாதம். அந்த அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் காறை எலும்பின் கீழே குழி விழுந்து, கை தூண் போல வீங்கியிருக்கும்.

பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர் இதைச் சந்தேகப்பட்டார். புற்றுச் செல்கள் ரத்தத்தின் வழியே ஆரம்பத்திலேயே போகக்கூடியவை, போயிருந்தால் எவ்வளவு அறுத்தாலும் பிடிக்க முடியாது, அதற்கு மருந்துதான் வேண்டும், போகாவிட்டால் இவ்வளவு அறுப்பது எதற்கு என்று கேட்டார். சக சர்ஜன்கள் கடித்துக் குதறினார்கள். 1976இல் தொடங்கிய சோதனையில் 4 செ.மீ. வரை கட்டி உள்ள 1,851 பெண்கள் மூன்று பிரிவு. முழுவதும் எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள், கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டவர்கள். இருபது ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு, பெறாதவர்களில் 39 பேருக்கு. குலசேகரத்துக்காரர் மரத்தில் கத்தி வைக்காமல் இருந்த மூன்று வாரத்தின் விலை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது.

இத்தாலியில் மிலான் நகரத்தில் உம்பெர்ட்டோ வெரோனெசி 701 பெண்களிடம் தனியாக நடத்திய சோதனையும் இதையேதான் காட்டியது. இரண்டின் இருபது ஆண்டு முடிவுகளும் 2002இல் ஒரே மருத்துவ இதழில், ஒரே நாளில் வெளிவந்தன.

நம் ஊர்ப் பெருமை ஒன்றும் சொல்லாமல் போக மனமில்லை. 1838இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் சர்ஜனாக இருபது ஆண்டுகளுக்கும் மேல் கத்தி பிடித்தவர் சாமர்வெல். 1922லும் 1924லும் எவரெஸ்டில் ஏறப் போன அதே ஆள். மலையைப் பார்க்க வந்து, தென் திருவிதாங்கூரில் மருத்துவத்துக்கு வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். இதற்கும் தையல்காரியின் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான்.

கடற்காற்று (குளச்சல்)
செவ்வாய், இரவு 8.30

எல்லோரும் அறுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். மணவாளக்குறிச்சி மணலில் கதிர் இருப்பது ஊருக்கே தெரியும். நோய் அதனால்தான் வருகிறது. அப்படியிருக்க மேலும் கதிர்வீச்சு வாங்குவதா? முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கட்டி கரைந்துவிடும். பயாப்சி ஊசி குத்தியதே தவறு, குத்தினால் பரவும். என் தெரிந்தவர் ஒருவர் கஷாயம் தயாரித்துத் தருகிறார், அவர் எண்

[எண் நீக்கப்பட்டது.]

நெறியாளர்
செவ்வாய், இரவு 8.42

மருந்து விற்பனை எண்களை இங்கே போட வேண்டாம். அடுத்த முறை பதிவே போய்விடும்.

பழைய தாள் (நாகர்கோவில்)
செவ்வாய், இரவு 9.00

மணலில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மோனசைட் கனிமம் இருப்பது உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் பெருந்தொகையான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரை ஊர்களைப் பற்றிய இந்தப் பயத்தைப் பரப்பிக் கல்யாணச் சம்பந்தங்களையே கெடுத்திருக்கிறார்கள். போதும்.

சர்ஜரி மாணவி (சென்னை, ஊர் இரணியல்)
செவ்வாய், இரவு 10.10

பயாப்சி ஊசியால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. ஊசி குத்தாமல் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குலசேகரத்து அண்ணன் வீட்டில் நடந்ததே சாட்சி. கஷாயம் குடித்துக்கொண்டே ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்குத்தான் இரண்டு கதவில் ஒன்று சாத்திவிடுகிறது. அதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

கடற்காற்று (குளச்சல்)
செவ்வாய், இரவு 10.25

என் அக்கா கீமோவில்தான் போனாள். உங்களுக்கு என்ன தெரியும்.

மணலிக்கரை அக்கா
செவ்வாய், இரவு 10.40

தம்பி, அது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள். ஆனால் அக்காவுக்காக ஆறாத கோபத்தை இந்தப் பெண்ணின் மேல் இறக்காதே. சாப்பிட்டாயா?

ஓய்வுபெற்ற செவிலி (ஆசாரிபள்ளம்)
புதன், காலை 6.15

முப்பத்திரண்டு வருடம் அறுவை வார்டில் இருந்தவள் நான். டாக்டர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன், தங்கச்சி.

முழுவதும் எடுத்தால் ஒரு குழாயும் அதன் முனையில் உறிஞ்சும் புட்டியும் வைத்து அனுப்புவார்கள். உள்ளே ஊறும் நீர் அதில் சேரும். முதல் நாள் சிவப்பாக, பிறகு வெளிறி, கடைசியில் தேநீர் வடித்த தண்ணீர் போல மஞ்சளாக வரும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். நாளுக்கு 30 மி.லி.க்குக் கீழே வந்தால்தான் பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். நைட்டிக்கு உள்பக்கம் ஒரு பை தைத்துக்கொண்டால் புட்டி தொங்காது. உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் எடுத்த பிறகும் நீர் கட்டலாம், ஊசியால் எடுத்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம். கட்டியையும் காவல் கணுவையும் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் குழாயே இராது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீலச் சாயம் போட்டிருந்தால் அன்றும் மறுநாளும் சிறுநீர் பச்சையாகப் போகும். எத்தனையோ பெண்கள் கழிப்பறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் தோலிலும் சில வாரம் நீலம் நிற்கும்.

அக்குளில் கை வைத்தால் மேல் கையின் உள்பக்கம் மரத்துப் போகலாம். அங்கே ஓடும் நரம்பு அப்படி. பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்தது போல வரும். அதுவும் பயிற்சியில் தளரும். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாளே உள்ளங்கையை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது. டாக்டர் அனுமதித்த பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் நண்டு போல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடு. நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். வலிக்குப் பயந்து கையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் தோள் பூட்டிக்கொள்ளும்.

ஊசி குத்துவதுதான் உன் தொழில், அதனால் இதையும் கேள். அந்தக் கையில் சிறு காயம் சீழ் பிடித்தாலும் வீக்கம் தொடங்க வழி உண்டு. விரலுறை போடாமல் தைக்காதே. கை சிவந்து சூடானால் அன்றைக்கே டாக்டரிடம் போ. கனம் தூக்கவே கூடாது என்று நாங்கள் அந்தக் காலத்தில் பயமுறுத்துவோம். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டிப் பழகுவது நல்லது என்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியைப் பற்றி அவசரப்படாதே, ஆனால் அதை நினைத்துக் கடையையும் மூடிவிடாதே.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று சான்று வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே கிராம நிர்வாக அலுவலரைப் பார்.

குலசேகரம் ரப்பர்
புதன், காலை 6.50

முள்சீத்தா, மாம்பழம், எவரெஸ்ட் எல்லாம் கடந்து இப்போதுதான் உருப்படியான பதிவு.

தையல்காரி (தக்கலை)
புதன், இரவு 9.20

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். மாம்பழம் பற்றி அமெரிக்காவில் எண்பது வருடம் யோசித்திருக்கிறார்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம், மற்றதைக் காதில் வாங்கவில்லை.

மை பூசி விளிம்பு பார்க்கும் கதை எனக்கு உடனே பிடிபட்டது. துணி வெட்டும்போது நாங்களும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவோம்.

மார்பை எடுத்துவிட்டு வேறு இடத்துச் சதையால் புதிதாக அமைப்பார்களாமே, அது எப்படி? மயினி கேட்கிறாள்.

சர்ஜரி மாணவி (சென்னை, ஊர் இரணியல்)
புதன், இரவு 10.30

உண்டு. வயிற்றுச் சதையிலிருந்து எடுக்கலாம், முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரலாம், சிலிக்கான் பையும் வைக்கலாம். அதே அறுவையிலும் செய்யலாம், ஒன்றிரண்டு வருடம் கழித்தும் செய்யலாம். உங்கள் விஷயத்தில் முதுகுத் தசை என்றால் நான் தயங்குவேன், தோள் வேலை செய்கிறவர் நீங்கள். சிலிக்கான் பை வைத்த இடத்தில் பிறகு கதிர்வீச்சு வேண்டிவந்தால் சுற்றிலும் இறுகிப்போகும் வாய்ப்பு கூடுதல். நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும், நேரமும் கூடும். வேண்டாம் என்பவர்களும் நிறையப் பேர், அதிலும் தவறில்லை.

இன்னொரு மார்பையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பரம்பரை மரபணு மாற்றம் இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். இல்லாதவர்களுக்கு அதனால் ஆயுள் கூடுவதில்லை.

மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் முயற்சியில் நடந்த ஒரு வேலையையும் சொல்ல ஆசை. கத்தி வைப்பதற்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றிலும் சாதாரண மரப்பு ஊசி மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 1,600 பெண்கள். போடாதவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 86.4, போட்டவர்களில் 90.1. முடிவு 2023இல் வந்தது. மிகவும் மலிவான மருந்து. உங்கள் சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள், சிரிக்க மாட்டார்.

தையல்காரி (தக்கலை)
வியாழன், மாலை 4.00

சொல்லிவிட்டேன். கட்டியும் காவல் கணுவும் மட்டும். மூன்று வாரக் கதிர்வீச்சுக்கு நெய்யூர் போதும், தக்கலையிலிருந்து பக்கம்தான். மாநிலம் தாண்டிப் போக வேண்டியிருந்தால் ஒருவேளை மணலிக்கரை அக்கா பக்கம் சாய்ந்திருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது. நூலைப் பற்றிக் கேட்டேன். சர்ஜன் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். ரப்பர் வெட்டுகிறவர் என்றேன்.

தையல்காரி (தக்கலை)
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.10

உயிரோடு இருக்கிறேன். கணு இரண்டு எடுத்தார்கள், இரண்டும் சுத்தம். விளிம்பு சுத்தமில்லை. மற்ற எல்லாப் பக்கமும் சரி, உள்பக்க ஓரத்தில் மட்டும் மை தொட்டிருந்தது. அறிக்கை வந்த அன்று மாமியார் வாயே திறக்கவில்லை, அதுவே பெரிய பேச்சாக இருந்தது. முழுவதும் எடுத்துவிடலாம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். சர்ஜன், "நூல் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியும், இன்னொரு முறை அந்தப் பக்கம் மட்டும் எடுத்துப் பார்ப்போம்" என்றார். எடுத்தார்கள். விரலளவுத் துண்டு. இப்போது சுத்தம்.

பச்சைச் சிறுநீருக்கு அலறவில்லை, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் முன்னாலேயே சொல்லிவைத்தேன். சுவரில் ஒன்பது பென்சில் கோடு இருக்கிறது. கால் மெஷின் மிதிக்கிறேன், கத்திரி அரை மணி நேரம் தாங்குகிறது, இஸ்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். மார்பில் மேல்பக்கம் சிறு பள்ளம் தெரிகிறது, ரவிக்கைக்குள் தெரியாது. கீமோ வேண்டுமா என்று புதன்கிழமை சொல்வார்கள்.

அக்கா, உங்கள் கடுகுப் பை ஏன் மேலே ஏறியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பையை ரவிக்கையில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கையைத் தூக்கினால் ரவிக்கை ஏறும், அதோடு பையும் ஏறும். உள்பாடியில் உள்பக்கமாகப் பை தைத்து, வாயை அக்குள் பக்கம் வைக்க வேண்டும். கடுகு கீழ்ப்பாதியில் மட்டும், மேலே பஞ்சு. வீங்கும் கைக்கு இடது கைத்தொளை ஒரு அங்குலம் கூடுதல்.

மணலிக்கரை அக்கா
ஞாயிறு, பகல் 12.30

ஆமாம், ரவிக்கையில்தான். பத்து வருடமாக எந்தத் தையல்காரியிடமும் சொல்ல வெட்கப்பட்டேன் மக்களே. அளவு ரவிக்கையும் இரண்டு உள்பாடியும் செவ்வாய்க்கிழமை தக்கலை பஸ்ஸில் கொண்டு வருகிறேன். கையில் பிடித்துப் பார்க்க இந்தக் கடுகுப் பையையும் கொண்டு வரட்டுமா, அல்லது எடை சொன்னால் போதுமா?

தையல்காரி (தக்கலை)
ஞாயிறு, பகல் 12.45

பையையும் கொண்டு வாருங்கள். கடையில் தராசு இருக்கிறது.